மூன்றாவது நாக்கு

போன் அலறியது.

ஈரானின் கஸ்வீன் நகரக் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் தூராஜ், வாயில் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ரிசீவரை எடுத்தார்.

"சார்... எழுத்தோவியர் உஸ்தாத் சியாமக் பட்டறையில செத்துக் கிடக்காரு!"

"நீங்க யாரு?"

"நோஸர். அவரோட எழுத்தை வாங்கி விக்கிற வியாபாரி. நான் ஒண்ணும் பண்ணல சார்..."

கேட்காமலே வந்த அந்தக் கடைசி வாக்கியம் தூராஜுக்குப் பிடித்துப்போனது. சந்தேகப்பட ஓர் ஆள் அதற்குள் கிடைத்துவிட்டான். பெற்ற தாய் 'நலமா?' என்று கேட்டாலும் 'ஏன் கேட்கிறாள்?' என்று யோசிக்கிற பிறவி அவர்.

பத்தே நிமிடத்தில் பட்டறை.

ஜன்னலோரக் கம்பளத்தில் உஸ்தாத் சியாமக் குப்புறக் கிடந்தார். ஐம்பத்தைந்து வயது. உதட்டோரம் நுரை. அருகே நாணல் பேனா. பக்கத்தில் ஒரு தேநீர்க் கண்ணாடி... விளிம்பு வரை நிறைந்து, ஒரு வாய்கூடக் குடிக்கப்படாமல் ஆறிப் போயிருந்தது.

எழுதுபலகையில் ஒரே ஒரு தாள்.

கான்ஸ்டபிள் ஹெதாயத் அதை எட்டிப் பார்த்துத் துள்ளினான். அவன் தூரத்து அஹ்வாஸ் ஊர்க்காரன். மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"சார், தற்கொலை! கடைசி வரியைப் பாருங்க... 'பெரும்பாவி, குற்றவாளி, அடிமை சியாமக் எழுதியது. இறைவன் இவன் பாவங்களை மன்னிப்பானாக!' வாக்குமூலமே இருக்கு சார்."

"இந்த ஊர்ல எழுதுற அத்தனை பேரும் அப்படித்தான்யா கையெழுத்துப் போடுவான். பணிவு! அதை வெச்சுக் கைது பண்ணணும்னா ஊரையே உள்ள போடணும்."

சொல்லிவிட்டுத் தூராஜ் தாளைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றுவிட்டார்.

நான்கே வரிகள். கறுப்பு எழுத்துகள் மேலிருந்து சரிந்து இறங்கி, வளைந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாக விட்டன. சுற்றிலும் தங்க மேகங்கள். மேகங்களுக்கு நடுவே நகத்தளவில் நீலப் பூக்கள். இருபது வருடமாகப் பிணங்களைப் பார்த்த கண்களுக்குச் சட்டென்று ஈரம் வந்தது. அதற்காகத் தன்மீதே சந்தேகப்பட்டார்.

ஆனால் கடைசி வரியில் ஓர் இடறல். 'சியாமக்' என்ற பெயர் மட்டும் லேசாக நடுங்கியிருந்தது.

விஷம் ஏறும்போது எழுதியிருப்பாரோ?

வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் கூழாங்கல்லில் சுட்ட சூடான சங்கக் ரொட்டி. உஸ்தாதின் மனைவி மஹ்லகா. அழவில்லை. ரொட்டியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கணவரின் கண்களை மூடினாள்.

விசாரணையில் அவள் சொன்னது சுருக்கம். எட்டு மணிக்கு ரொட்டிக் கடை வரிசைக்குப் போனாள். கூட்டம். ஒன்பதரைக்குத் திரும்பினாள். கடைக்காரரும் வரிசையில் நின்ற பதினோரு பேரும் சாட்சி. எழுதுவது கணவர், தங்கப் பூச்சும் பூவும் இவள் வேலை, ஊரறிந்த ஜோடி.

நோஸர் ஒன்பது மணிக்கு வந்திருக்கிறான். டெஹ்ரான் கண்காட்சிக்கு அந்தத் தாளை எடுத்துப் போக. கூடவே ஒரு கூடை கறுப்பு மல்பெரிப் பழம். துக்க வீட்டிலும் அதை அவன் விடவில்லை. பயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டே இருந்தான்.

டாக்டர் பிணத்தை எடுத்துப் போனார்.

பகல் பன்னிரண்டுக்குப் பட்டறைப் போன் அடித்தது. டாக்டர்.

"தூராஜ், நச்சு வேர். மலைப்பக்கம் கிடைக்குமே, அதேதான். வாய் வழியாத்தான் போயிருக்கு. ஆனா வயிறு காலி. சாப்பாடும் இல்ல, தேநீரும் இல்ல. இன்னொண்ணு... இவருக்குக் கைநடுக்க வியாதி. ஏழெட்டு வருஷமா இருக்கும்."

தூராஜ் போனை வைத்தார். சாப்பிடாமல், குடிக்காமல் வாய்க்குள் விஷம் எப்படிப் போகும்?

தாளை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கஞ்சி பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய தாள். எங்கும் பளபளப்பு... 'சியாமக்' இருந்த இடத்தில் மட்டும் இல்லை. அங்கே மெருகு மங்கியிருந்தது.

"மேடம், இது என்ன?"

மஹ்லகா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். விளக்குக் கரியில் செய்த மை தாளுக்குள் இறங்காதாம். தப்பாகிவிட்டால் நாக்கால் நக்கி எடுத்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி எழுதலாமாம். எழுதுபவர்கள் எல்லாரும் செய்வதுதானாம்.

தூராஜின் மண்டைக்குள் மணி அடித்தது.

யாரோ இங்கே எதையோ நக்கி அழித்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த நாக்கு... கறுப்பு!

"நோஸர், நாக்கை நீட்டு."

நீட்டினான். கரேலென்று இருந்தது!

"மாட்டினான் சார்!" என்றான் ஹெதாயத்.

"பழம் சார்... மல்பெரிப் பழம்..." நோஸர் அழுதே விட்டான்.

தேநீருக்காக அங்கே இருந்த சர்க்கரைக் கட்டிக் கிண்ணத்தைத் தூராஜ் நகர்த்தினார். ஒரு வெள்ளைக் கட்டியை அவன் நாக்கில் வைத்துத் தேய்க்கச் சொல்லித் திரும்ப வாங்கினார்.

சிவப்பு. சுத்தமான பழச் சிவப்பு. கரி ஒரு துளி இல்லை.

"நீங்களும் மேடம்."

மஹ்லகா நிதானமாக ஒரு கட்டியை எடுத்து நாக்கில் தேய்த்து நீட்டினாள். வெள்ளை.

இரண்டு நாக்கு. இரண்டும் சுத்தம்.

வேறு யார் இருக்கிறார்கள்?

தூராஜ் சட்டென்று போனை எடுத்தார். "டாக்டர், அவர் வாயைத் திறந்து பாருங்க."

டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "நாக்கு கன்னங்கரேல்னு இருக்குய்யா. கரி. மையில புழங்குற ஆளுதானேன்னு விட்டுட்டேன்."

செத்தவரின் நாக்கு!

நோஸருக்கு எதுவும் புரியவில்லை. தூராஜுக்கு எல்லாம் புரிந்தது. கைநடுக்கக்காரர் இப்படி நான்கு வரி எழுதவே முடியாது. ஆனால் கையில் இருப்பது ஊகம் மட்டுமே. நக்கிய இடத்துக்குக் கீழே என்ன இருந்தது என்பது நாக்கோடு போய்விட்டது. எதிரே நிற்கிறவளுக்கோ பன்னிரண்டு சாட்சிகள்.

தூண்டில் போட்டார்.

"சரி, முடிச்சிடலாம். உஸ்தாத் தற்கொலை. நோஸர், தாளை டெஹ்ரானுக்குக் கொண்டு போ. உஸ்தாத் சியாமக் எழுதின கடைசி எழுத்துன்னு மாட்டட்டும். என்னா அழகு! அந்த மனுஷன் கைக்கு ஈடு யாரு? நூறு வருஷம் அவர் பேர் நிக்கும். மேடம், நீங்க போகலாம்."

மஹ்லகா வாசல் வரை போனாள்.

நின்றாள்.

அந்தப் படியைத் தாண்டினால் விடுதலை. அது அவளுக்கும் தெரியும், தூராஜுக்கும் தெரியும். அவள் தாண்டிப் போய்விட வேண்டும் என்று ஒரு கணம் அவர் மனசு ஏங்கியது நிஜம்.

அவள் திரும்பினாள்.

"அது அவர் எழுத்து இல்ல."

"யாரோடது?"

"என்னோடது. எட்டு வருஷமா எல்லாமே என்னோடது. நான் எழுதுவேன், அவர் என் பேரை நக்கிட்டுத் தன் பேரை எழுதிக்குவார். கேட்டா, பொம்பளைக்குப் பூ போட்டாப் போதும்பார்."

"அதனால விஷத்தை..."

"தேநீர்ல நான் எதுவும் கலக்கல. சாப்பாட்டுலயும் கலக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "இன்னிக்குக் காலையில என் பேரை எழுதின மையில மட்டும்தான் கலந்தேன். அவர்கிட்ட சொன்னேன்... இந்த ஒரு தாளாவது என் பேர்ல போகட்டும்னு. சரின்னார். நான் ரொட்டி வாங்கப் போனேன்."

ஓரமாக மடித்து வைத்திருந்த ரொட்டியை அவள் ஒரு தடவை பார்த்தாள்.

"என் பேரை அவர் தொடாம விட்டிருந்தா, இந்நேரம் சூடா ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருப்பார் சார்."

நோஸர் பழக் கூடையைத் தள்ளி வைத்தான்.

தூராஜ் மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். காலையில் பார்த்ததைவிட இப்போது இன்னும் அழகாக இருந்தது. அது அவருக்கு வலித்தது.

ஹெதாயத் வாக்குமூலத்தை எழுதி முடித்து நீட்டினான். மஹ்லகா வாங்கிப் படித்தாள். அடியில் காலியாக இருந்த இடத்தில் அவள் பார்வை நின்றது.

"இங்க... என் பேரைத்தானே போடணும்?"

"உங்க பேர் மட்டும்தான்." தூராஜ் தன் பேனாவை நீட்டினார்.

அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. சரிந்து இறங்கி, வளைந்து, மெல்ல முடிகிற ஒரு கையெழுத்து. போலீஸ் தாளில் அப்படி ஒன்று அதுவரை விழுந்ததே இல்லை.

தூராஜ் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் செருகினார்.

"கவலைப்படாதீங்க மேடம்... இது பால்பாயின்ட். எவன் நக்கினாலும் போகாது!"