பேர் சொல்லாமல் சொன்ன கதை

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவர் ஆள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். காலையில் திறக்கிற வாயைத் தூங்கும்போதுதான் மூடுவாள்.

பேசுவதற்கு அவளிடம் சரக்கும் நிறைய இருந்தது. எல்லாம் பெரியம்மா தயவு. பெரியம்மா ஒரு டாக்டர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். தலை முழுக்க நரைக்கும் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களின் நாக்கையெல்லாம் நீட்டச் சொல்லிப் பார்த்தவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவரிடமிருந்து கதை கதையாக வரும்.

"ஒருத்தரை மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு. பேசிட்டுத் திரும்பினா, மனுஷன் கத்தரிக்கா கலர்ல உக்காந்திருக்காரு. விடுங்கன்னு நான் சொல்லவே இல்லையாம்."

"இன்னொருத்தருக்கு முழங்கால் வலி. எங்க வலிக்குதுன்னு கேட்டா, பொண்டாட்டியத் திரும்பிப் பாக்குறாரு. அவங்கதான் தொட்டுக் காட்டுறாங்க."

வீடே வயிறு வலிக்கச் சிரிக்கும். ஆனால் யாருடைய பெயரையும் பெரியம்மா சொல்ல மாட்டார். அது அவருடைய சட்டம்.

ஒரு நாள் இப்படித்தான் ஆரம்பித்தார். "இன்னைக்கு ஒரு பெரிய மீசைக்காரர் வந்தாரு. தகரம் கையைக் கிழிச்சிருக்கு. முதல்ல லேசா துடைச்சேன். 'செத்தேன் டாக்டரம்மா'ன்னு ஒரு அலறல். இன்னும் ஊசியே எடுக்கலைங்க, இது பஞ்சுன்னு சொன்னேன். அப்புறம் தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, தினமும் வண்டி ஓட்டிப் போற ஸ்டாப் பேரையெல்லாம் வரிசையா ஒப்பிச்சாரு."

ரேடியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலம் வாசலில் பள்ளிக்கூட வேன் நிற்பதை அவள் பார்த்திருந்தாள். மீசை, வண்டி, ஸ்டாப். வேன் மாமாவேதான்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூட்டிவிட்டாள்.

"பேரெல்லாம் நான் சொல்ல மாட்டேன்பா," என்று கையை விரித்தாள். "பெரிய மீசை. இடுப்புல சாவிக்கொத்து. அவர் ஹாரன் அடிச்சா நாமெல்லாம் ஓடணும். அவ்ளோதான் சொல்லுவேன்."

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? 'செத்தேன் டாக்டரம்மா' என்று அவள் நடித்துக் காட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் வேனில் ஏறியபோது, ஸ்டியரிங் மேல் ஓர் உருண்டைப் பஞ்சு இருந்தது. வைத்தது ஜன்னல். ஜன்னலோர இருக்கைக்காகத் தினமும் சண்டை போடுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பின்னாலிருந்து யாரோ, "செத்தேன் டாக்டரம்மா," என்றார்கள்.

வேன் மாமா ஒரு தடவை கனைத்தாலே வேன் கப்சிப் என்று அடங்கிவிடும். அன்று அவர் கனைக்கவில்லை. பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். அதில் ரேடியோவின் முகம் தெரிந்தது. உடனே பார்வையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது ரேடியோவுக்கு. வீடு வரும் வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் கேலி ஓயவில்லை. வேன் மாமாவின் கைக்கட்டு அழுக்காகிக்கொண்டே போனது. விரல்கள் வீங்கியிருந்தன. கியர் மாற்றும்போதெல்லாம் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அதைப் பார்த்தது ரேடியோ ஒருத்திதான்.

"அந்த மீசைக்காரர் கட்டு மாத்த வரவே இல்லையே," என்றார் பெரியம்மா சாப்பிடும்போது. "புண்ணுல சீழ் வெச்சா கைக்கே ஆபத்து. வண்டி ஓட்டுற கை வேற."

ரேடியோ தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்பாவும் தொட்டுப் பார்த்தார். அவள் பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் காய்ச்சல் என்று அர்த்தம்.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கடைசி ஸ்டாப் ரேடியோவின் வீடு. அவள் இறங்காமல் நின்றாள்.

"வேன் மாமா, நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"தெரியும் பாப்பா," என்றார் அவர், முன்னால் பார்த்தபடியே. "பரவால்ல, வீட்டுக்குப் போ."

"கட்டு மாத்திக்க வாங்களேன். கை வீங்கியிருக்கு."

"ஆறிடும்."

"ஆறாது மாமா. பெரியம்மா சொன்னாங்க."

வேன் மாமா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு அந்த ரூம்ல நானும் டாக்டரம்மாவும் மட்டும்தான் இருந்தோம். நீ அங்க இல்ல. அப்போ டாக்டரம்மாவே சொல்லிச் சிரிச்சிருக்காங்க. இல்லையா? அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

ரேடியோ திகைத்துப் போனாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் செய்த தப்பு பெரியம்மாவின் தலையிலும் விடிந்திருக்கிறது. வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டு நின்றால் கை ஆறிவிடுமா?

"போயிடாதீங்க மாமா, இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கிளினிக்கில் பெரியம்மா தனியாக இருந்தார். ரேடியோ ஒன்றுவிடாமல் சொன்னாள். பஞ்சு வைத்ததையும், வேன் மாமா கடைசியாகச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"பேர் சொல்லலையே, பேர் சொல்லலையேன்னு நெனச்சு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்திருக்கேன்," என்றார். "எனக்கே வெக்கமா இருக்குடி."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். பிறகு பெரியம்மா செருப்பைக்கூடப் போடாமல் வேனுக்கு நடந்தார்.

"என் மேலதான் தப்பு. மன்னிச்சுக்குங்க," என்றார்.

வேன் மாமா பதறிப்போய் இறங்கினார். "ஐயையோ, நீங்க போய் என்கிட்ட, டாக்டரம்மா..."

"கையைக் காட்டுங்க."

கையைப் பார்த்த பெரியம்மா உடனே உள்ளே வரச் சொன்னார். வேன் மாமா வாசலைப் பார்த்துத் தயங்கினார். யார் காதில் எது விழுமோ என்ற பயம் அவருக்கு.

"வேனைத் தெருமுனையில விட்டுட்டுப் பின்வாசல் வழியா வாங்க மாமா," என்றாள் ரேடியோ. "ரூம் கதவுகிட்ட நான் நிக்கிறேன். ஒரு ஈ காக்கா உள்ள வராது."

அப்படியே வந்தார். கதவு மூடியது. ரேடியோ வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். ஈயும் காக்காயும் வரவில்லை. வந்தது ஜன்னல். இருமிக்கொண்டே அவன் அம்மாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "தண்ணித்தொட்டி ஸ்டாப்... அரிசி மில் ஸ்டாப்..."

ஜன்னல் காதைத் தீட்டிக்கொண்டான். "யாரது உள்ள?"

ரேடியோவுக்கு யோசிக்க நேரமில்லை. வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஓரேழ் ஏழு! ஈரேழ் பதினாலு! மூவேழ் இருபத்தொண்ணு!"

ஜன்னலின் இருமல் நின்றேவிட்டது. அவன் அம்மா வாயைப் பிளந்தார்.

பதற்றத்தில் அவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. உள்ளே வேன் மாமா அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விட்டார். என்ன வந்ததோ அதைக் கத்தினாள்.

"நாலேழ் இருபத்தாறு! நாலேழ் இருபத்தாறு!"

உள்ளே கட்டுப் போட்டு முடியும் வரை அதையே கத்தினாள். வேன் மாமா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஜன்னல் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டான்.

மறுநாள் காலை வேனில் கால் வைத்ததுமே எல்லாரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். "நாலேழ் இருபத்தாறு, நாலேழ் இருபத்தாறு."

"கதவுகிட்ட நின்னுக்கிட்டு பைத்தியம் மாதிரி கத்துறாடா," என்றான் ஜன்னல். "ஏன் கத்தினே? சொல்லு."

ரேடியோவின் முகம் எரிந்தது. காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதும். இந்தச் சிரிப்பு மொத்தமும் அவளை விட்டுவிட்டு முன்இருக்கைக்குப் போய்விடும். நாக்கு நுனி வரை வந்தது. அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"சும்மாதான்," என்றாள்.

வேன் மாமா கண்ணாடியில் பார்த்தார். இந்தத் தடவை பார்வையைத் திருப்பவில்லை. வெள்ளைக் கட்டுப் போட்ட கையை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, ஒரு தடவை கனைத்தார். வேன் கப்சிப் என்று அடங்கியது.

"இங்க பாருங்க," என்றார் வேன் மாமா. "என் வேன்ல நாலேழ் இருபத்தாறுதான். பிடிக்காதவங்க இறங்கி நடந்து வரலாம்."