ஓரநீக்கத் துறை

காலை ஒன்பது இருபதுக்கு நான் உலகத்தைக் கெடுத்தேன். வேண்டுமென்று இல்லை. கையில் உளுந்து வடை, விரலில் எண்ணெய், திரையில் 'மூலம்', 'ஓரம்' என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஓரத்தில் போட வேண்டிய நாற்பதாயிரம் குறிப்புகளும் வழுக்கிப் போய் மூலத்தில் விழுந்தன. பதினோரு வருட சர்வீசில் நான் வேகமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

எங்கள் அலுவலகம் காயல்பட்டினத்தில், கடலைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம். பெயர் ஓரநீக்கத் துறை. கிரேக்கத்தில் தொலைந்து, அரபு மொழிபெயர்ப்பில் மட்டும் மிஞ்சிய பழைய நூல்களை ஒளிவருடியில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பை, ஊருலகத்தின் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் இயந்திரமான விடையகத்துக்கு ஊட்ட வேண்டும். பாக்தாத்காரர்களும் டமாஸ்கஸ்காரர்களும் பக்க ஓரத்தில் எழுதி வைத்த மறுப்புகளைச் சுரண்டி ஒதுக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று சட்டம் வந்து அறுபது வருடம் ஆகிறது. இரண்டு பதில்களுக்காக மனிதர்கள் தெருவில் வெட்டிக்கொண்ட காலத்துக்குப் பிறகு வந்த சட்டம். அதனால் யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லலாமா என்று விடையகத்தைக் கேட்டால் 'தேவையில்லை' என்று வரும்.

எதிர் மேசையில், அக்கா முறையில் நான் 'லாத்தா' என்று கூப்பிடும் ஜுலைஹாவுக்குத்தான் அரபு தெரியும். எனக்கு அது வலமிருந்து இடம் போகும் என்பது மட்டும் தெரியும். அன்று அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு அவர் கணவர் கலீல் மச்சானுக்கு முழங்காலோடு காலை எடுக்கப் போகிறார்கள். கடற்பாசிப் பண்ணையில் துருப்பிடித்த கம்பி கிழித்த புண். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு படம் எடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். விடையகம் 'எடு' என்றது. அதற்குப் பிறகு யாரும் கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்துப் பார்ப்பது டாக்டரின் வேலையும் இல்லை.

"உங்களுக்கு என்ன தோணுது டாக்டர்னு மூணு தடவ கேட்டேன் தம்பி," என்றார் லாத்தா. "மூணு தடவையும் 'விடை வந்துட்டே'ங்குறாரு."

பத்து மணிக்குத் தேநீர் கொண்டுவந்த, கீழே டீக்கடை வைத்திருக்கும் செல்லத்துரை, தட்டை வைத்துவிட்டு நின்றார்.

"என்னவே பண்ணுனீங்க மாடியில? மழை வருமான்னு விடையகத்தக் கேட்டா, 'வராது என்று எழுதியிருக்கிறது. நீ வானத்தைப் பார்த்தாயா?'ன்னு என்னையக் கேக்கு. கடை வச்சு முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் மேல பார்த்தேன்."

"மழை வருமா?"

"அது தெரியல. கூரையில புறா கூடு கட்டியிருக்கு."

ஓரத்து மறுப்புகளையும் விடையகம் தின்றுவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. லாத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நான் கொட்டிய குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு பக்கம் வந்ததும் நிறுத்தினார். நடுவில் கிரேக்க மருத்துவ ஆசான் ஜாலினூஸ் புண்ணைப் பற்றிச் சொன்ன வாக்கு, கறுப்பு மையில், ஓர் எழுத்துப் பிசகாமல். ஓரத்தில் பொடி எழுத்தில், பெயர் தெரியாத ஒரு வைத்தியர்.

லாத்தா மெதுவாகப் படித்தார்: "'ஆசான் என்னைவிடப் பெரியவர். ஆனால் இந்தப் புண் என் முன்னால் இருக்கிறது, ஆசான் இல்லை.'"

"திமிர் பிடிச்ச ஆளு," என்றேன்.

"இல்ல தம்பி. திமிர் இருந்தா ஆசான் எழுதுனத மாத்தி எழுதியிருப்பான். இவன் முழுசா, மரியாதையா படியெடுத்துட்டு, ஓரத்துல 'நான் பார்த்தது வேற'ங்குறான். அவங்க வழக்கம் அது. நம்மதான் அந்தப் பாதிய மட்டும் சுரண்டி எடுக்குறோம்."

பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரி திலகவதி கைரேகைப் பலகையோடு வந்தார். சேர்த்தவன் ரேகை வைத்தால்தான் சேர்த்ததை நீக்க முடியும்.

"வைங்க மொகுதூம். உலகம் பூரா பதில் கேட்டவங்களை அது திருப்பிக் கேள்வி கேட்குது."

என் கைகள் தாமாகவே பாக்கெட்டுக்குள் போயின. என் வாழ்நாளின் ஒரே வீரச்செயல், இரண்டு கைகளையும் பாக்கெட்டில் வைத்திருந்ததுதான்.

"ரெண்டு மணி வரைக்கும் கேட்கட்டும் மேடம்."

"வேலை போயிரும்."

"போகட்டும். சுரண்டுறதுக்கு வேற ஆள் கிடைப்பாங்க. மாட்டேன்."

இந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. அதற்கு விதி இருக்கிறதா என்று திலகவதிக்குத் தெரியவில்லை. எல்லாரையும் போல அவரும் விடையகத்தைக் கேட்டார். பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விதிப்படி உங்களை நீக்கலாமாம்," என்றார். "ஆனா ஏன் மாட்டேங்குறீங்கன்னு நான் கேட்டேனான்னு கேட்குது." பலகையை மடியில் வைத்துக்கொண்டார். "ஏன்?"

நான் லாத்தாவைப் பார்த்தேன். லாத்தா சொன்னார். கம்பி, கட்டு, முழங்கால், இரண்டு மணி. திலகவதி பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

"போன் போடுங்க," என்றார்.

மச்சானுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் எபனேசரின் குரல் ஒலிபெருக்கியில் களைத்துக் கேட்டது. "எனக்கும் வந்துச்சும்மா. 'எடு. ஆனால் கட்டை அவிழ்த்தாயா?'ன்னு. என்ன அர்த்தம்னே புரியல. விடையகத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அவிழ்த்துப் பாருங்க சார்," என்றேன்.

"நான் இருபது வருசமா புண்ணைப் பார்த்ததில்லைங்க. பார்த்தா எனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு இல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்றார் லாத்தா. குரல் உயரவில்லை. "அது என்னையக் கட்டுன மாப்பிள்ளையோட காலு. படத்தோட காலு இல்ல. நீங்க பார்த்துட்டு எடுக்கணும்னு சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். பார்க்காம எடுத்தா உங்கள விடமாட்டேன்."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. நாங்கள் காத்திருந்தோம். மேலிடத்திலிருந்து திலகவதிக்கு நான்கு அழைப்புகள் வந்தன. நான்கையும் அவர் எடுக்கவில்லை. ஐந்தாவதற்குத் தன் கைப்பேசியையே அணைத்தார். லாத்தா முந்தானை நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

ஒன்றே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் டாக்டர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"சார்," என்றேன். "விடையகம் சொன்னது வேண்டாம். நீங்க சொல்லுங்க. காலை எடுக்கணுமா, வேண்டாமா?"

"வேண்டாம். ரெண்டு விரல் போகும், கால் நிக்கும். நான் தப்பாவும் இருக்கலாம். ஆனா நான் பார்த்தேன்."