நான்தான் வரச் சொன்னேன்

பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் பொன்மணி மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டிவிட்டாள். கணவன் நாகையாவுக்குக் காரம் ஆகாது, அவனுக்கு மட்டும் ரசம். மகன் செல்வக்குமாருக்குப் பிடிக்குமென்று கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, தூக்குச்சட்டியை அவன் கண்ணில் படுகிற மாதிரி வாசல் மாடத்தில் வைத்தாள்.

அவன் குளித்துவிட்டு வந்தான். சட்டையை மாட்டினான். சட்டியைப் பார்த்தான். பிறகு அறைக்குள் இருந்த தங்கை பக்கம் திரும்பி, "இசை, நான் வெளிய சாப்பிட்டுக்கிறேன்னு சொல்லிரு" என்றான்.

அம்மா கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தாள். தங்கை இசைவாணி வாயே திறக்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த கருப்பம்மாள், நாகையாவின் அக்கா, வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "பெத்த மகன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கான். அவன் மேல என்ன தப்பு இருக்கு? தனக்கு முதுகு வலிக்குதுன்னு மக வேலையை விட்டு வரச்சொன்ன தாயை நான் இந்த ஊருல பாத்ததில்ல."

"விடுங்க மதினி... நேரமாயிருச்சு" என்றாள் பொன்மணி.

நாகையா ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் பொன்மணிக்கு மதினியின் பேச்சைவிடக் கனமாக இருந்தது.

சித்திரையில் தொடங்கியது இது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் பொன்மணியைப் போல நிமிர்ந்து நடந்தவர்கள் இல்லை. மகள் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அச்சங்குளத்தில் அவர்கள் தெருவிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகாமல் தப்பித்த முதல் பிள்ளை. அவளைத் தப்பிக்க வைத்தது செல்வக்குமார். நாகையாவுக்கு நெஞ்சில் சளி கட்டி லோடு தூக்க முடியாமல் போனபோது, பதினொன்றாம் வகுப்பில் இருந்தவன் புத்தகப்பையை ஆணியில் மாட்டிவிட்டு மறுநாளே கம்பெனி வேனில் ஏறினான். "அவ நல்லாப் படிக்கா. அவ படிக்கட்டும்" என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு அவன் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்று மாலை பொன்மணி தன் போனைத் திரும்ப வாங்கியபோது இசைவாணி பலமுறை கூப்பிட்டிருந்தது தெரிந்தது. வேன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கி, அலுமினியப் பவுடர் ஒட்டிய விரலால் மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா... என்னைப் போகச் சொல்லிட்டாக."

"எங்கனத்தா போகச் சொல்லிட்டாக?"

"வேலையை விட்டு. பழகுற காலம் முடியவும் ஒரு பரீட்சை வச்சாக. ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்து குடுத்து, மோட்டார் ஓடல, எங்கன பழுதுன்னு பாருன்னு சொன்னாக. எனக்குக் கணக்கு எல்லாம் தெரியும்மா. எந்த வயரைத் தொடணும்னு தெரியல."

"காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"அங்க ஒரே ஒரு மோட்டார்தான் இருந்துச்சு. சார் ஓட்டிக் காட்டுவாரு, நாங்க தள்ளி நின்னு பாப்போம். மூத்த செட்டு எழுதி வச்சதைப் பாத்து எழுதிக் குடுப்போம். ஏன் சார் இப்பிடி ஓடுதுன்னு நான் ஒரு நாள் கேட்டேன். பரீட்சைக்கு வராது, உக்காருன்னாரு. அதுக்கப்புறம் நான் எதையும் கேக்கலம்மா..."

சின்ன வயதில் அந்தப் பிள்ளை கேட்காத கேள்வியா? ஒரு வாணம் பச்சையா எரியுது, ஒண்ணு சிவப்பா எரியுது, ஏம்மா? மருந்து ஏன் மழைக்காலத்துல கட்டி தட்டுது? திரி ஏன் புஸ்ஸுன்னு போகுது? பள்ளிக்கூடத்திலும் கேட்டாள். பெரிய கிளாஸ் போனால் வரும் என்றார்கள். பெரிய கிளாஸ் போனபோது மதிப்பெண் வந்தது, கேள்வி நின்றுவிட்டது. பிள்ளைக்கு விவரம் வந்துவிட்டது, அதனால்தான் வாயடங்கிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் பொன்மணிதான்.

"அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்? அண்ணன் எனக்காகப் படிப்பை விட்டுச்சேம்மா. நான் அங்கன வரல. எங்கயாவது போயிருதேன்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பொன்மணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். யோசிக்க நேரமில்லை.

"நேரா வீட்டுக்கு வா. யாருட்டயும் ஒண்ணும் சொல்லாத. எனக்கு முடியல, நான்தான் வேலையை விட்டு வரச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். என் மேல ஆணையா நீ வாயைத் திறக்கக் கூடாது."

அப்படித்தான் அவள் சொன்னாள். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். முதுகுவலி அவளுக்கு இருந்தது, அதனால் நம்புவது எளிதாகவும் இருந்தது. செல்வக்குமார் அன்றைக்குக் கத்தவில்லை. "ஒரு ஆள் துணைக்கு வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமேம்மா. எனக்குத்தான் போறதுக்கு ஒண்ணுமில்லையே" என்றான். அதுதான் அவன் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அதன் பிறகு பொன்மணி தனியாகச் சாப்பிட்டாள். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வேலை செய்கிற அறையில் பக்கத்துப் பெண்கள் மகள் வேலையைப் பற்றிக் கேட்டபோது, பெட்டி ஒட்டுவதில் முனைப்பாக இருக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனபோது, இத்தனை கூட்டத்தில் தன்னோடு வந்தவர்கள் யாருமில்லை என்று தோன்றியது. கணவன் முன்னால் நடந்தான், மகன் இன்னும் முன்னால். மகள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அம்மனிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் கையை மட்டும் கூப்பிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் இடி இடித்ததால் மத்தியானமே வேலையை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். பொன்மணி நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். இசைவாணி தரையில் பேப்பரை விரித்து, ஓடாமல் கிடந்த மேசை விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் திருடியைப் போலச் சேலையைப் போட்டு மூடினாள்.

"என்னத்தா பண்ற?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் மூடுத?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும் போல இருந்துச்சு."

பொன்மணி ஈரச் சேலையோடு அப்படியே உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தன் பிள்ளையின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த வாரமே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் அருணாதேவி என்ற ஆசிரியை இருந்தார். இசைவாணியின் பட்டத்தைப் பார்த்துவிட்டு அவளையும் பார்த்தார். "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, சேத்துக்குவோம். ஆனா இங்க பத்தாவது முடிச்ச பயலுக கூட உக்காரணும். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பிள்ளை தாங்குமா?"

"அவகிட்டயே கேளுங்க" என்றாள் பொன்மணி.

இசைவாணி பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "இங்க மோட்டாரைத் தொட விடுவீகளா?" என்று கேட்டாள்.

அருணாதேவி சிரித்தார். "தொடலைன்னாத்தான் திட்டுவேன்."

வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொன்னார்கள். இசைவாணி விரலில் கீறலும் நகத்தில் கறுப்புமாக வந்தாள். அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று எந்த வயரை எங்கே மாட்டினாள், எங்கே தப்பு விட்டாள் என்று அடங்கிய குரலில் சொல்வாள். பொன்மணிக்குப் பாதி விளங்காது. ம்... ம்... என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அவளிடம் பேசிய ஒரே குரல் அது.

புரட்டாசியில் தீபாவளி சீசன் சூடு பிடித்தது. செல்வக்குமார் லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் லாரி ஷெட்டுக்குப் போனான். டீக்கடை முன்னால் ஐ.டி.ஐ. நீலச் சட்டை போட்ட பையன்கள் கும்பலாக நின்றார்கள். நடுவில் அதே நீலச் சட்டையில், கையெல்லாம் கிரீஸோடு, வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது அவன் தங்கை.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்த வேகத்தில் கருப்பம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்ஜினியருக்குப் படிச்ச பிள்ளையை ஐ.டி.ஐ.யில கொண்டு போய்த் தள்ளியிருக்கியே, நீ ஒரு அம்மாவா?"

எத்தனையோ மாதம் கழித்து மகன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். அதற்காகக்கூட ஒரு கணம் பொன்மணியின் மனசு குளிர்ந்தது.

"நான்தான்யா சேத்துவிட்டேன்."

"எதுக்கு? வேலையையும் கெடுத்து, இப்ப படிப்பையும் கேவலப்படுத்தவா? நான் மருந்துக்குள்ள கிடந்து வெந்தது இதுக்குத்தானா? நீ இருக்க வீட்டுல அவ உருப்பட மாட்டா."

"மல்லாங்கிணறுல இவ தம்பி வீடு இருக்குல்ல, இவ கொஞ்ச நாள் அங்க போயி இருக்கட்டும்" என்றாள் கருப்பம்மாள். "பிள்ளைகளாச்சும் நிம்மதியா இருக்கும்."

பொன்மணி கணவனைப் பார்த்தாள். நாகையா தரையைப் பார்த்தான். அவள் உள்ளே போய்க் கொடியில் கிடந்த சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அழவில்லை.

அப்போதுதான் இசைவாணி பஸ் இறங்கி வந்தாள். வாசலிலேயே எல்லாம் கேட்டிருக்க வேண்டும். நீலச் சட்டையை மறைக்காமல் நடு வீட்டில் வந்து நின்றாள்.

"அண்ணே, அம்மா என்னை வரச் சொல்லல. என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாக."

"இசை..." என்று உள்ளிருந்து பொன்மணி தடுத்தாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா. போதும்." அவள் குரல் உடைந்தது. "எனக்கு வேலை தெரியலண்ணே. நாலு வருஷமும் மனப்பாடம் பண்ணி எழுதினேன், பாஸானேன். ஒரு திருப்புளியைப் பிடிக்கத் தெரியாம போய் நின்னேன். ஒன் மூஞ்சியில முழிக்க முடியாம செத்துரலாம்னு நினைச்சேன். அம்மாதான் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டாக. தினம் நீங்க பேசினதை எல்லாம் கேட்டுக்கிட்டு நான் உள்ள உக்காந்திருந்தேன். நான்தான் பாவி."

கருப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். நாகையா முதன்முதலாக வாயைத் திறந்தான். "பொன்மணி, அந்தச் சேலையைக் கீழ வை" என்றான்.

செல்வக்குமார் வெளியே போய்விட்டான்.

விடியற்காலையில் பொன்மணி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்தான். கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா?"

"என்னன்னுய்யா சொல்லுவேன்? நீ விட்டுக் குடுத்த படிப்பு வீணாப் போச்சுன்னா? அதைக் கேட்டா நீ ஒடைஞ்சு போயிருவ. அவ மேல வெறுப்பு வந்துட்டா காலத்துக்கும் போகாது. தாயை வெறுத்தா ஒரு நாள் நீ திரும்பி வந்துருவன்னு நினைச்சேன்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "நேத்து அவ அந்தப் பயலுகளோட சிரிச்சுக்கிட்டு நின்னாம்மா. எம்புட்டு நாளாச்சு அவ சிரிச்சு... அது என் கண்ணுல படல. சட்டைதான் பட்டுச்சு." பிறகு, "சின்னப் பிள்ளையில அவ கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருப்பால்ல?" என்றான்.

"அவ கேட்டா. நீதான் ஒண்ணுமே கேட்டதில்ல. ஒனக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் கேட்டதில்லையேய்யா... அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் அறுக்கும்."

எங்கோ ஒரு வேன் ஆரன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"இப்பக் கேக்கட்டுமா?"

"கேளுய்யா."

"பாதியில நின்ன பயலை அந்த ஐ.டி.ஐ.யில சேத்துக்குவாகளாம்மா?"

பொன்மணி சாம்பல் கையோடு அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சித்திரையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு இசைவாணி ஓடி வந்தாள், பின்னாலேயே நாகையாவும். எதற்கு அழுகிறாள் என்று அவர்கள் கேட்கவில்லை.