வகுபடும் நேரம்

மார்ச் மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று காலை வாடிக்கையாளரிடமிருந்து வந்த தேவைச் சீட்டில் ஓர் இலக்கணப் பிழை இருந்தது. சுட்டிக்காட்டிய பின்னும் அந்தத் தொழிற்சாலையில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குறை இதுதான்.

'நேற்று அனுப்பிய நானூற்றைம்பது தாழ்ப்பாள்களும் பொருத்தப்பட்டனர். இன்றைய தேவை ஐந்நூறு.'

தாழ்ப்பாள் இரும்பு, அஃறிணை. 'பொருத்தப்பட்டன' என்றுதான் எழுத வேண்டும். 'பொருத்தப்பட்டனர்' என்பது மனிதரைச் சொல்லும் முடிபு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக் கூசும் இந்தத் தவற்றை எடுத்துக்கொண்டு, திட்டப்பிரிவு எழுத்தரான அவள் மேற்பார்வையாளரின் அறைக்குச் சென்றாள்.

“சார், இதப் பாருங்க. தாழ்ப்பாள மனுஷனாக்கி வச்சிருக்காங்க.”

அவர் தலை நிமிரவில்லை. “எண்ணிக்கை தெளிவா இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்னம்மா? போய்க் கோட்டப் போடுங்க. பரீட்சைப் பேப்பரா திருத்துறீங்க?”

அவள் விடவில்லை. சிவப்பு மையால் அந்த ஒற்றை 'ர்'ஐ அடித்து, மாலை லாரியிலேயே சீட்டைத் திருப்பி அனுப்பினாள்.

கோடு போடுவதே அவளுடைய வேலை. எட்டு மணி நேரத்தில் உணவு இடைவேளை அரை மணியைக் கழித்தால் மிஞ்சுவது இருபத்தேழாயிரம் வினாடி. அதை வாடிக்கையாளர் கேட்கும் எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை வினாடிக்கு ஒரு தாழ்ப்பாள் வெளியேற வேண்டும் என்பது கிடைக்கும். டாக்ட் நேரம் என்று அதற்குப் பெயர். செவ்வாயன்று அது ஐம்பத்து நான்கு. சுவரிலிருந்த வரைபடத்தில் ஐந்து மேசைகளுக்கு ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றும் அந்த மேசைக்காரர் ஒரு தாழ்ப்பாளுக்கு எடுக்கும் நேரம்; குறுக்கே டாக்ட் நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு. எவருடைய பட்டை கோட்டைத் தாண்டுகிறதோ அவர் அன்றே லாரியில் ஏறி, வாடிக்கையாளரின் இடத்துக்குப் 'பொருத்தும் வேலை'க்குப் போக வேண்டும். மூன்றாம் மேசைக்காரர் அப்படிப் போய் இருபது நாளாகியும் திரும்பவில்லை.

ஐந்தாம் மேசை அவள் கணவருடையது. தண்டைக் குழலில் செருகி, இழுத்துப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. பழைய விபத்தொன்றில் இரண்டு விரல்கள் மடங்காமற்போன கை அது. ஐம்பத்திரண்டு வினாடிக்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை. மேசைமேல் தொங்கிய கருவி ஒவ்வோர் அசைவையும் தானே பதிந்துகொண்டதால், அதைக் குறைத்து எழுத அவளால் இயலாது.

புதன்கிழமைச் சீட்டைப் பிரித்தபோது, பல நாள் திறக்காத அறையின் புழுங்கிய வாடை மேசையெங்கும் பரவியது. தாள், யாரோ இவ்வளவு நேரமும் கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல், வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அனுப்பிய அதே சீட்டு. அவளுடைய திருத்தத்தின்மேல் அதே சிவப்பு மையில் ஒரு திருத்தம். தாள் கிழியுமளவுக்கு அழுத்தி, மீண்டும் 'ர்'. அதன் கீழே: 'எண்ணிப் பார்த்தோம். பிழையில்லை. இன்றைய தேவை ஐந்நூற்று நாற்பது.'

இருபத்தேழாயிரத்தை ஐந்நூற்று நாற்பதால் வகுத்தாள். ஐம்பது.

அந்நேரம் தொலைபேசி ஒலித்தது. மூன்றாம் மேசைக்காரரின் மனைவி.

“வினாடி அக்கா, அவரு போன எடுக்கிறாரு. பேச மாட்டேங்கிறாரு. எதையோ இழுத்து மூடுற சத்தம் மட்டும் வருது. அங்க நிறைய வேலையா?”

“வேலைதான்மா,” என்றாள் அவள். தொழிற்சாலை முழுவதும் அவளுக்கு அதுதான் பெயர், வினாடி அக்கா. தொலைபேசியை வைத்தபின் சீட்டிலிருந்த வாக்கியத்தை மறுபடி படித்தாள். தாழ்ப்பாள்கள் என்னும் சொல்லைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தாள். பிழையே இல்லை.

கணவர் ஐந்தாம் மேசையில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார்.

“என்ன வினாடி, மூஞ்சி தொங்குது?”

“கொஞ்சம் வேகமா ஓட்டக்கூடாதாங்க? ரெண்டு வினாடி போதும்.”

“கல்யாணத்துக்குத் தாலி கட்டவே ரெண்டு நிமிஷம் எடுத்தவன் நான். அப்ப ஒண்ணும் சொல்லலியே நீ.”

அவள் சிரிக்கவில்லை. தேவை வாடிக்கையாளருடையது; கையின் வேகம் கருவியிடம். வகுபடும் எண் ஒன்றுதான் அவள் வசம் இருந்தது. இருக்கைக்குத் திரும்பி உணவு இடைவேளையை நீக்கினாள். இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. கோடு ஐம்பத்து மூன்றுக்கு ஏறிக் கணவரின் பட்டைக்கு மேலே நின்றது. அன்று யாரும் உண்ணவில்லை. ஏனென்றும் யாரும் கேட்கவில்லை. மாலையில் உணவறையைக் கடந்தபோது, அதன் கதவின் வெளிப்புறத்தில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் பூட்டியிருப்பதைக் கண்டாள். அவர்கள் செய்யும் அதே வகை. பகல் முழுவதும் ஒருவரும் உள்ளே போகவில்லை; இருந்தும் கதவின் மறுபுறத்திலிருந்து, மரத்தை நகத்தால் பொறுமையாகச் சுரண்டும் ஒலி, நின்றும் தொடர்ந்தும் நின்றும் தொடர்ந்தும் வந்துகொண்டிருந்தது. திறக்கக் கை நீட்டினாள். திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழன். 'இடைவேளையைத் தந்தமைக்கு நன்றி. அவர்களும் பொருத்தப்பட்டனர். இன்றைய தேவை ஐந்நூற்று எழுபத்தாறு.'

வகுத்தாள். ஐம்பது. ஓர் இம்மிகூடக் கூடவில்லை, குறையவில்லை.

அவள் தந்ததை அறிந்து, அளந்து கேட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லலாமென்று எழுந்தாள். அவர் அறைக்கதவிலும் தாழ்ப்பாள். வெளிப்புறத்தில்.

“சார்?”

“எண்ணிக்கை தெளிவா இருக்குல்ல?” என்றது உள்ளிருந்து ஒரு குரல். அவருடைய குரல்தான், ஆனால் மிகக் கீழே, கதவின் அடியிடுக்கில் வாயை வைத்துப் பேசுவதுபோல்.

அவள் இருக்கைக்கு ஓடினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பயனில்லை. ஒரு நாளில் எத்தனை வினாடி உண்டோ அத்தனையையும் எழுதினாள். எண்பத்தாறாயிரத்து நானூறு. கோடு நூற்றைம்பதுக்குத் தாவியது. பட்டைகள் ஐந்தும் அதன் காலடியில் குட்டையாகக் கிடந்தன. மூன்று நாளில் முதன்முறையாக அவளுக்கு மூச்சு நேரே வந்தது.

“நூத்தியம்பதா?” என்று கணவர் வியந்தார். “நடுவுல ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம் போலிருக்கே.”

மாலை ஆறு மணிக்கு வெளிவாசல் திறக்கவில்லை. தள்ளினார்கள். அசையவில்லை. நாளின் நேரம் முழுவதையும் அவள் எழுதிக்கொடுத்துவிட்டாள். வீட்டுக்குப் போக அதில் நேரமில்லை. மேசைகளுக்குத் திரும்பினார்கள். யாரும் அவளை ஏசவில்லை. அதுவே தாங்கவில்லை.

வெள்ளி விடிந்தது. சரக்கு வாயிலில் லாரி. சீட்டில் வணக்கமில்லை, நன்றியில்லை. 'ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு.'

வகுத்தாள். ஐம்பது.

ஒரு நாளில் அதற்குமேல் வினாடி இல்லை. கொடுக்க எதுவுமில்லை.

கோட்டை இழுத்தாள். கணவரின் பட்டை இரண்டு வினாடி மேலே நின்றது.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

லாரிக்குள் சரக்கு இல்லை. கதவுகள். ஒன்றையொன்று ஒட்டி நிமிர்ந்து நின்ற ஒடுக்கமான மரக்கதவுகள். பின்னால் அறையில்லை. ஒரு சாண் ஆழமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தாழ்ப்பாள். ஒவ்வொன்றின் பின்னும் மூச்சு.

ஒன்று மட்டும் திறந்திருந்தது.

“விடு, ரெண்டே ரெண்டு வினாடிதானே,” என்றார். “உன் மேல தப்பில்ல.”

உள்ளே நுழைந்தார். யாரும் தள்ளவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அவருடைய அகலத்துக்கு, அவருடைய உயரத்துக்கு, பிசகில்லாமல்.

சரக்.

குளிர்ந்த இரும்பு. தாழ்ப்பாளின் குமிழைப் பற்றியிருந்தது அவளுடைய கை. அதைப் பின்னுக்கு இழுக்க முயன்றாள். கை இழுக்கவில்லை. அடுத்த கதவை நோக்கிப் போயிற்று.

உள்ளிருந்து, மடங்காத இரண்டு விரல்கள் தட்டின. ஐம்பது வினாடி. மறுபடி தட்டின.

இதைப் படித்து முடித்தவரே, எழுந்து செல்லுங்கள். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து, அதன் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். வேலையை முடித்துவிட்டு என்று சொல்லாதீர்கள். இப்போதே திறவுங்கள்.