பச்சை நாற்காலி போட்ட இடம்

அவளுடைய நாற்காலியை எவனோ தூக்கிக்கொண்டு போனான்...

ஹலீனா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். சிகாகோவில் பனி கொட்டிய மறுநாள், தெருவோரப் பனியை முதுகு ஒடிய வாரி, கார் நிறுத்த இடம் உண்டாக்கி, அதில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. அடுத்தவர் நாற்காலியைத் தொடுவது, அடுத்தவர் சட்டைப்பையில் கை விடுவதற்குச் சமம். அவளுடைய கார் பழுதாகிப் பட்டறையில் கிடந்த நேரம் பார்த்து இவன் நாற்காலியைத் தூக்கியதோடு விட்டானா? திரும்பி வந்து, அதே இடத்தில் தன் பச்சை நாற்காலியைப் போட்டான். என்ன நெஞ்சழுத்தம்!

எதிர்வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. போலந்துக்காரர்களே நிறைந்த தெருவில் அவனுடையதுதான் முதல் கறுப்பினக் குடித்தனம். ஹலீனா படமெடுத்துத் தெருக்காரர்களின் கைபேசிக் குழுவில் போட்டாள். 'புதுசா வந்தவன் திருடுறான், ஜாக்கிரதை.' நாற்பத்தொரு பேர் பதில் எழுதினார்கள். அண்ணன் ஸ்டான் போன் போட்டுப் பாராட்டினான். யாரோ போலீசையும் கூப்பிட்டுவிட்டார்கள். கோட்டு கூட இல்லாமல் அவனை இருபது நிமிடம் பனியில் நிறுத்தி விசாரித்ததை, அவள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால்... அவன். இமைகளில் பனித்துகள். கையில் அவளுடைய நாற்காலி.

"அடியில ஹலீனான்னு எழுதியிருந்துச்சு. நீங்கதானே? பனி வார்ற வண்டி இடிச்சு கால் உடைஞ்சு கெடந்துச்சுங்க. ஒட்டி, ஆணி அடிச்சிருக்கேன். அதுவரைக்கும் உங்க எடத்த யாரும் புடிச்சிரக் கூடாதுன்னு என் நாற்காலியப் போட்டு வச்சேன்."

அவள் காது மடல் வரை சூடேறியது. அவன் அவள் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தான்.

"யாரோ என்னைப் படம் புடிச்சுப் போட்டுட்டாங்க," என்றான் மெதுவாக.

நான்தான்... நாக்கு நுனி வரை வந்தது. "அடடா," என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தியதும் படத்தை அழித்தாள். அழித்தது இன்னும் கேவலமாகத் தோன்றியது. ஸ்டானைப் போல ஒரு வெள்ளைக்காரன் தூக்கியிருந்தால், கீழே இறங்கிப் போய் 'என்னப்பா?' என்று கேட்டிருப்பாளே. இவனிடம் ஏன் கேட்கவில்லை?

அவன் பெயர் லமாண்ட். நகரப் பேருந்து ஓட்டுநர். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் போகிற பேருந்து அவனுடையதுதான். தினமும் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புருவம் உயர்த்துவான். உங்கள் காருக்கு இன்னும் காய்ச்சல் தீரவில்லையா என்று கேலி செய்வான். கார் எப்போதோ சரியாகிவிட்டது, அவள்தான் எடுப்பதில்லை. அவன் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உள்ளுக்குள் கூசியது.

பதினோராம் நாள் பேருந்தில், ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வருகிறாளா என்று கேட்டான். இனியும் மறைத்தால் அவள் மனுஷியே இல்லை.

"அந்தப் படம்... நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"போலீஸ்காரர் படத்தக் காட்டுனாரு, கீழ நாப்பத்தோரு பேரோட பதிலும் இருந்துச்சு. ஓரத்துல ஒரு செவப்புப் பூத்தொட்டி. அன்னிக்குக் கதவத் தொறந்தீங்க... ஜன்னல்ல அதே தொட்டி." அவன் சிரிக்கவில்லை. "தெனமும் இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்த இருபது நிமிசம், கைய எங்க வச்சா சுடமாட்டாங்கன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன், ஹலீனா."

அவளுக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று பட்டது.

"எங்கிட்ட சொன்னா போதுமா? அந்த நாப்பத்தோரு பேருக்கு யாரு சொல்றது?"

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கினாள். நடைபாதையில் நின்றபடியே, அதே குழுவில் எழுதினாள். 'அவர் திருடவில்லை. என் இடத்தைக் காப்பாற்றித் தந்தார். கறுப்பர் என்பதால்தான் கேட்காமலே பழி போட்டேன். வெட்கப்படுகிறேன். ஹலீனா.' ஸ்டான் உடனே போனில் கத்தினான். குடும்ப மானம் போய்விட்டதாம். போனது இன்றைக்கு இல்லை, அந்தப் படத்தைப் போட்ட அன்றைக்கே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை மறுபடி முழங்கால் அளவு பனி. லமாண்ட் விடிகாலை வேலைக்குப் போயிருந்தான். அவன் வீட்டெதிரே ஹலீனா பனியை வாரினாள். வாரி முடித்து, கால் ஒட்டிய தன் நாற்காலியை அங்கே போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். பத்து மணிக்கு அவன் கார் வந்தது. கண்ணாடியை இறக்கி, நாற்காலியையும் அவளையும் பார்த்தான்.

"உங்க எடம்," என்றாள். "யாரும் புடிச்சிரக் கூடாதுன்னு..." நாற்காலியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "உங்களப் பிடிச்சிருக்கு. சொல்ற தகுதி இருக்கான்னு தெரியல."

அவன் இறங்கி வந்து நாற்காலியை நகர்த்தி, காரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வந்து நாற்காலியைத் தூக்கினான். எதிர் ஜன்னல்களில் திரைகள் அசைந்தன.

"மறுபடி படம் எடுப்பாங்க," என்றான்.

"எடுக்கட்டும்."

நாற்காலியின் மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு, எதிரே இருந்த அவள் வீட்டை நோக்கி, நட்டநடுத் தெருவில் நடந்தார்கள்.