ஜெனோவா என்று இருவர்

இணைப்பி மூன்றாவது முறையும் அதே வரியைத் துப்பியது: ‘ஜெனோவா: இரண்டு வரையறைகள். இணைக்க முடியாது.’

தூத்துக்குடி மனக்காப்பகத்தில் இறந்தவர்களின் மனப்படிகளைப் புதுப் பொறிக்கு மாற்றுவது ஜெனோவாவின் வேலை. இதுவரை நாலாயிரம் பேரை மாற்றிவிட்டாள். இன்று அவள் கையில் இருப்பது சொந்த அம்மா சந்தனமேரி. பழைய பொறிகளை மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். அதற்குள் அம்மா புதியதில் கூடிவராவிட்டால் அத்தோடு சரி.

மனப்படி என்பது லட்சம் துண்டு நிரல்கள். ஒன்று இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டதைத் தேடிப் பிடித்துக் கோத்துக் கட்டுவது இணைப்பி. ஒரே பெயரில் இரண்டு கிடந்தால் பழைய இணைப்பி சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். புதியதற்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இரட்டை வந்தால் சிறியதை வெட்டு, திறந்து பார்த்து நேரத்தை வீணாக்காதே என்பது அலுவலக விதி. விதியை எழுதியவளே ஜெனோவாதான். “அம்மாவுக்கு என்னைய அடையாளமே தெரியலியே” என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவாள்.

பக்கத்து மேசைச் சுடலைமணி எட்டிப் பார்த்தான். “என்னக்கா, ஒங்க பேருல ரெண்டு கெடக்கு?”

“எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அடுத்த வருசம் நான் பொறந்ததும் அந்தப் பேரையே எனக்கு வச்சிட்டாங்க.”

“அப்ப சின்னத வெட்டிற வேண்டியதுதான?”

“சின்னது நான்தான்ல.”

விதியாவது ஒன்றாவது என்று மூத்தவளை வெட்டினாள். அவளுடைய சட்டையைப் போட்டு, அவளுடைய பெயரைச் சுமந்து வளர்ந்தவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

இணைப்பி ஓடியது. இப்போது ஒன்றல்ல, தொள்ளாயிரம் பிழைகள். ‘மூத்தவள் சிரிப்பு: கிடைக்கவில்லை. மூத்தவள் நடை: கிடைக்கவில்லை.’

ஜெனோவா தன் வரையறையைத் திறந்து பார்த்தாள். மூத்தவள் சிரிப்போடு ஒப்பிடு. மூத்தவள் நடையோடு ஒப்பிடு. பொருந்தாவிட்டால் பெருமூச்சு விடு. முப்பத்தெட்டு வருட மகளுக்கு அம்மா எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து பழைய பொறியின் திரை முன் உட்காரும்போது, “ஏட்டி, வந்துட்டியா?” என்று மலர்ந்த முகம் யாருக்காக மலர்ந்தது என்று இப்போது புரிந்தது.

மூத்தவளின் வரையறையோ பக்கம் பக்கமாக நீண்டது. அது யாரையும் நம்பி நிற்கவில்லை.

“அக்கா, நாலே முக்கால்.”

நாலாயிரத்தில் இப்படி எத்தனை பேரைத் திறந்து பாராமல் வெட்டினோம் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. மூத்தவளைத் திரும்ப வைத்தாள். தன்னை வெட்டினாள்.

‘பிழை ஏதுமில்லை.’

திரையில் சந்தனமேரி கண் விழித்தாள். ஜெனோவாவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“யாரும்மா நீங்க? எம்மவ ஜெனோவா வெளிய வெளையாடப் போனா, இன்னும் காங்கல. பாத்தா வரச் சொல்லுங்க.”

சுடலைமணி எழுந்து வந்து, ஜெனோவா கற்றுக்கொடுத்த அதே பக்குவமான குரலில் சொன்னான்: “கொஞ்ச நாள்ல சரியாயிரும்க்கா.”