யாரும் உட்காராத கடை

தாம்பரம் மார்க்கெட்டில் இருந்த ஜீவானந்தத்தின் துணிக்கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வேலை செய்பவர் உட்காரக் கூடாது. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்க வேண்டும். வாங்க ஆளே வராவிட்டாலும் நிற்க வேண்டும். கடையில் ஒரே ஒரு நாற்காலிதான். அது கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. அதில் முதலாளி உட்காருவார்.

முதலாளியின் மகள் துர்காவுக்கு இது ஏதோ தூர தேசத்துச் சட்டம் போலத் தோன்றும். அந்தத் தேசத்தில் பூனைகூட நின்றுகொண்டேதான் தூங்கும்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை. துர்கா கடைக்குள் வந்தபோது, துணி எடுத்துக் காட்டும் ரோஸி அக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

அப்பாவும் பார்த்துவிட்டார்.

“என்ன ரோஸி இது? கஸ்டமர் பார்த்தா வியாபாரமே இல்லாத கடைன்னு நினைக்க மாட்டாங்க?”

“கஸ்டமரே இல்லியே சார். யாரு பாக்கப் போறாங்க?”

“எதிர்த்துப் பேசாத. நிக்கிறது ஒரு பெரிய வேலையா?”

ரோஸி எழுந்தாள். “சரி சார். நாளைலேர்ந்து வேற ஆளு பாத்துக்கோங்க. சிறுசேரில ஒரு கேன்டீன்ல கூப்ட்டுகினே கீறாங்க. நான் அங்க போறேன்.”

அப்பாவின் முகம் மாறியது. தீபாவளி நேரத்தில் புது ஆளுக்கு எங்கே போவது? ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. “போறதுன்னா போ” என்றார்.

துர்கா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். கடை பொம்மைகளுக்குச் சட்டை மாட்ட அவளை விடுவது ரோஸி அக்காதான். பொம்மைகளுக்குப் பேர் வைத்ததும் அக்காதான்.

“அப்பா, நிக்கிறது பெரிய வேலை இல்லதானே?”

“இல்ல.”

“அப்போ மத்தியானம் வரைக்கும் நீங்க நில்லுங்க. நான் கல்லாவுல உக்காந்துக்கறேன். நின்னுட்டீங்கன்னா நீங்க சொல்றதுதான் சரி.”

“நிக்கலைன்னா?”

“அக்காவுக்கு ஒரு ஸ்டூல்.”

“பார்த்துடலாம்!” என்று அப்பா எழுந்தார்.

முதலில் விறைப்பாக நின்றார். பிறகு வலது காலில் நின்றார். பிறகு இடது காலில். அதற்குப் பிறகு, பேன்ட் தொங்கும் கம்பியில் சாய்ந்தார். கம்பி கிரீச்சிட்டது.

“சாயவும் கூடாது சார்” என்றாள் ரோஸி, சிரிக்காமல்.

பெருங்களத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒரே ஒரு சுடிதாருக்காக அலமாரி முழுவதையும் இறக்கச் சொன்னது. அப்பா ஏணியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். “அப்புறமா வரோம்” என்று சொல்லிவிட்டுக் குடும்பம் போனது.

இறக்கிய துணிகளை ரோஸி மடித்துவிட்டுப் பார்த்தால், அப்பாவைக் காணோம்.

ட்ரையல் ரூம் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பு தனியாகக் கிடந்தது.

ரோஸி மெல்லக் கதவைத் தட்டினாள். “சைஸ் கரெக்டா கீதா சார்?”

உள்ளே அப்பா சிரிப்பது கேட்டது. கதவு திறந்தது. அவர் காலை உள்ளே இழுத்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தினம் இப்படித்தான் வலிக்குமாம்மா?”

“சாயங்காலம் இன்னும் ஜாஸ்தி சார்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, எதிர்த்துப் பேசாதன்னு சொல்வீங்க.”

அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் கடைக்குப் போனார். பச்சை ஸ்டூல் ஒன்றோடு திரும்பி வந்து, அதை அவரே துடைத்துப் போட்டார்.

“நான் பேசினது தப்பு ரோஸி. ஆள் இல்லாதப்ப உக்காந்துக்கோ. சிறுசேரிக்குப் போயே ஆகணுமா?”

ரோஸி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “அவ்ளோ தூரம் பஸ்ல நின்னுகினு போவணும் சார். பேஜாரு.”

அப்பா நிம்மதியாகக் கல்லாப் பக்கம் நடந்தார். துர்கா நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

“இன்னும் மத்தியானம் ஆகலப்பா” என்றாள்.